அம்மா நட்ட அதே செடி

ஏப்ரலில் நட்ட கார்போக உருளைக்கிழங்கை எடுத்து முடித்த அன்று சாயங்காலம் அம்மாவுக்கு ஒரு சோதனை வைத்தேன். தோட்டத்து ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். 72 வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது, வெளிச்சம் குறைந்தால் பார்வை மங்கிவிடும். ஆனால் கிழங்கு பிரிக்க அம்மாவுக்குக் கண் தேவைப்பட்டதில்லை. கையில் எடுத்தவுடனே பெரிசு, நடுத்தரம், பொடி, வெட்டுப்பட்டது, பச்சை ஏறியது என்று விரலே சொல்லிவிடும். கிழங்கு அந்தந்தக் குவியலில் போய் விழும்.

ஜோதி, சுவர்ணா என்று இரண்டு ரகம். ஜோதியில் பத்து, சுவர்ணாவில் பத்து எடுத்து ஒரு கூடையில் கலந்து அம்மா முன்னால் வைத்தேன். "இதுல எது ஜோதின்னு பிரிச்சுச் சொல்லும்மா."

ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தாள். ஜோதி கொஞ்சம் தட்டையாக, முட்டை வடிவில் இருக்கும். சுவர்ணாவில் உருண்டை சற்றுத் தூக்கல். அம்மா அதைத்தான் தேடினாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு பத்துப் பத்தாகப் பிரித்தாள். எண்ணிப் பார்த்தேன். ஜோதிக் குவியலில் ஆறுதான் ஜோதி. நாற்பது வருடம் கிழங்கைத் தொட்ட கை அது.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு புள்ள," என்றாள், கொஞ்சம் வருத்தமாக. எனக்கு அன்று மனசு நிறைந்துவிட்டது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முதலில் ஜோதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இந்த மலையில் பிறந்து வளர்ந்த குடும்பம் இல்லை. அம்மா 1974ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்தவள். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் ஒருத்தி. அங்கே கொழுந்து பறித்தவளுக்கு இங்கே கிடைத்தது கிழங்குத் தோட்டத்துக் கூலி வேலை. நஞ்சநாடு, கப்பத்தொரை, முத்தொரை பாலாடா என்று ஹட்டி ஹட்டியாகப் போய் (படுகர்களின் ஊரை ஹட்டி என்போம்), அவர்களின் தோட்டங்களில் நட்டும் களையெடுத்தும் மண் அணைத்தும் கிழங்கு பொறுக்கியும் எங்களை வளர்த்தாள். இன்று நான் ஒரு ஏக்கர் 30 சென்ட் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறேன். அம்மா கூலிக்கு வேலை செய்த அதே சரிவில்தான்.

அம்மா வந்தபோது ஜோதி இந்த மலைக்குப் புதுசு. குஃப்ரி ஜோதி என்பது முழுப்பெயர். சிம்லாவுக்குப் பக்கத்தில் குஃப்ரி என்று ஒரு மலையூர் இருக்கிறது. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் ஒட்டுச்சேர்க்கை வேலைகள் அங்கே நடந்தன. அதனால்தான் அவர்கள் வெளியிடும் ரகங்களுக்கெல்லாம் குஃப்ரி முன்பெயர். ஜோதி வெளியான ஆண்டு 1968. அதற்கு முன்னால் இங்கே கிரேட் ஸ்காட் போன்ற சீமை ரகங்கள்தான். ஊட்டி நகரை உருவாக்கிய சல்லிவன் கலெக்டர் காலம் தொட்டு வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்க் காய்களை இங்கே கொண்டுவந்து நட்டார்கள். மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் பக்கம் இன்றைக்கும் கேரட், பீட்ரூட், கோஸை எல்லாம் சேர்த்து 'இங்கிலீஷ் காய்' என்றுதான் சொல்வார்கள்.

ஜோதியை எப்படி அடையாளம் சொல்வது? இலை சாம்பல் கலந்த பச்சை. பூ வெள்ளை. கிழங்கு வெள்ளை, கழுவி வெயிலில் பிடித்தால் வெளுத்த மஞ்சள் தெரியும். உள்ளே சதையும் வெள்ளை. கண்கள் மேலாக இருக்கும், ஆழமாகக் குழிந்திருக்காது. இந்தக் கடைசிக் குணம் சமையல் செய்பவர்களுக்குப் பெரிய விஷயம். கண் குழிந்த கிழங்கைத் தோல் சீவினால் பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும். ஹோட்டல்காரர்கள் ஜோதியைக் கேட்டு வாங்கியதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை முதல்முறை புரிந்துகொண்ட நாளில் நான் வேலையை விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். உருளைக்கிழங்கை நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை. கிழங்கையே நடுகிறோம். கிழங்கு என்பது வேர் அல்ல, மண்ணுக்குள் பருத்த தண்டு. கண்ணிலிருந்து முளைப்பது புதுப்பிள்ளை அல்ல, அதே செடியின் இன்னொரு கிளை. அப்படியென்றால் குஃப்ரியில் ஒரு நாள் முளைத்த ஒற்றை நாற்றுதான் இன்றைக்கு இந்தியா முழுக்க இருக்கும் ஜோதி அத்தனையும். 1974ல் அம்மா மழையில் நனைந்துகொண்டு நட்டதும் இந்த ஏப்ரலில் நான் நட்டதும் ஒரே செடிதான். நட்ட ஆட்கள் மாறியிருக்கிறோம், நிலக்காரர் மாறியிருக்கிறார், செடி மாறவில்லை.

இதில் ஒரு அழகு இருப்பது போல ஒரு ஆபத்தும் இருக்கிறது. செடிக்கு வந்த நோய் கிழங்கோடு அடுத்த போகத்துக்கும் வரும். அசுவினிப் பூச்சி சாறு உறிஞ்சிப் பரப்பும் வைரஸ் ஒரு தடவை உள்ளே புகுந்துவிட்டால் எந்த மருந்தும் அதை வெளியே எடுக்காது. வருடா வருடம் சொந்தக் கிழங்கையே விதைக்கு எடுத்து வைத்தால் விளைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும். ஜோதி இப்படிச் சீரழிவதில் நிதானமான ரகம். அதனால்தான் ஏழை விவசாயி கையில் இத்தனை வருடம் தாங்கியது. ஆனாலும் எல்லையுண்டு.

ஐந்து வருடம் முன்னால் அந்த எல்லையை நான் பார்த்தேன். கீழே ஒரு ஊரில் ஒரு வியாபாரியிடம் 1,200 கிலோ விதைக்கிழங்கு வாங்கினேன். ஜோதி, சுத்தமான விதை, முளை நன்றாக வந்திருக்கிறது என்றார். முளை நன்றாகத்தான் இருந்தது. நட்டு ஐந்தாவது வாரம் கீழ் இலைகள் ஓரத்திலிருந்து மேல்நோக்கிச் சுருண்டன. தொட்டால் தோல் போல விறைப்பு, காற்றடித்தால் காய்ந்த சருகு மாதிரிச் சத்தம். இலைச்சுருள் வைரஸ். விதையிலேயே இருந்திருக்கிறது. செடி சாகவில்லை, அதுதான் கொடுமை. கடைசிவரை பச்சையாக நின்று, எடுத்துப் பார்த்தால் கோலிக்குண்டு கோலிக்குண்டாக இருந்தது. வழக்கமாக வருவதில் பாதிகூடத் தேறவில்லை. அந்த வருடம் அம்மாவின் கம்மலை அடகு வைத்தேன். அதற்குப் பிறகு விதை வாங்கப் போகும்போது முளையை மட்டும் பார்ப்பதில்லை. எந்த நிலத்தில் விளைந்தது, எத்தனை தலைமுறை ஆனது என்று கேட்கிறேன். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்குவதில்லை.

சரி, சாகுபடிக்கு வருகிறேன். நீலகிரியில் மூன்று போகம். ஏப்ரல் மே மழையை நம்பி நடுவது கார்போகம். ஆகஸ்ட் செப்டம்பரில் நடுவது கடைபோகம். ஜனவரி பிப்ரவரியில் தண்ணீர் பாய்ச்சி நடுவது நீர்போகம். சமவெளியில் பனிக்காலத்தில் ஒரு பட்டம் மட்டுமே விளையும் பயிர் இங்கே வருடம் முழுக்க எங்கேயாவது மண்ணுக்குள் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் இதுதான் காரணம் என்று பின்னால் தெரியும்.

எங்கள் மண் புளிப்பு மண். கார அமில அளவு 4.8லிருந்து 5.4க்குள் இருந்தால் கிழங்குக்கு நல்லது என்று வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையே சொல்கிறது. பல பயிர்களுக்கு இந்தப் புளிப்பு ஆகாது. கிழங்குக்கு ஆகும். வெள்ளைக் கிழங்குக்கு ரொம்பவே ஆகும், ஏனென்றால் தோலில் சொறி வைக்கும் நுண்ணுயிரி இந்தப் புளிப்பில் தலைதூக்காது. கோஸுக்குச் சுண்ணாம்பு தாராளமாகப் போட்டுவிட்டு அடுத்த பட்டமே அதே இடத்தில் கிழங்கு நட்டவர்களின் கிழங்கைப் பார்த்திருக்கிறேன். தோல் முழுக்க மரப்பட்டை மாதிரிச் சொரசொரப்பு. சிவப்புத் தோலாக இருந்தால் ஓரளவு மறையும், வெள்ளைத் தோலில் மறைக்க இடமே இல்லை. ஏலத்தில் விலை அங்கேயே விழும்.

புளிப்பு மண்ணுக்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. போடும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்கு விடாது. அதனால் மலைக்கு மட்டும் பரிந்துரை தனி: ஹெக்டேருக்கு 15 டன் தொழு உரம், தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 240 கிலோ, சாம்பல்சத்து 120 கிலோ. மணிச்சத்து இரண்டு பங்கு. ஆரம்பத்தில் எனக்கு இது வீண்செலவாகத் தோன்றியது, குறைத்துப் பார்த்தேன். இலை கருநீலம் தட்டிக் குட்டையாக நின்றது. அப்புறம் குறைக்கவில்லை. ஆனால் தொழு உரத்தைக் கூட்டினேன். மாட்டுச் சாணம் கிடைப்பதுதான் இப்போது கஷ்டம். தேயிலை விலை விழுந்த வருடங்களில் மாட்டையும் விற்றவர்கள் நிறையப் பேர்.

விதைக்கு 40லிருந்து 50 கிராம் எடையுள்ள முழுக்கிழங்கு சரியாக இருக்கும், ஏறக்குறைய ஒரு கோழிமுட்டை அளவு. புதிதாக எடுத்த கிழங்கு உடனே முளைக்காது. சில வாரம் தூங்கும். இருட்டறையில் போட்டு வைத்தால் வெள்ளை வெள்ளையாக நீள முளை விட்டு, நடும்போது தொட்டாலே ஒடியும். வெளிச்சம் படும்படி, வெயில் நேரடியாக விழாமல், ஒரே அடுக்காகப் பரப்பி வைத்தால் குட்டையாக, தடித்த பச்சை முளை வரும். தோலும் பச்சையாகும். சாப்பிடத்தான் பச்சைக் கிழங்கு கூடாது, அதில் சோலனின் என்ற நஞ்சு இருக்கும். விதைக்கு அந்தப் பச்சை நல்லதுதான். அம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி கட்டி அதில் விதையைப் பரப்பி வைப்பாள். மூன்று வாரம் நாங்கள் ஓரமாக நடப்போம்.

வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், கிழங்குக்குக் கிழங்கு 20 சென்டிமீட்டர். மேட்டின் குறுக்கே வரிசை போட வேண்டும், மேலிருந்து கீழாகப் போடக்கூடாது. தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று மேலிருந்து கீழாகப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜூன் மழையில் அவர்களுடைய மேல்மண் ஓடைக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரு அங்குலம் மண் உண்டாக எத்தனை தலைமுறை வேண்டும்!

45ம் நாள் முதல் கொத்து. கிழங்கு பிடிக்கும் தண்டுகள் பக்கவாட்டில் ஓட ஆரம்பித்திருக்கும், அதைக் கலைக்காமல் மேலாகக் கொத்த வேண்டும். 60ம் நாள் மண் அணைப்பு. கிழங்குப் பயிரில் ஒரே ஒரு வேலையைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் நான் மண் அணைப்பைத்தான் செய்வேன். தண்டு எவ்வளவு தூரம் மண்ணுக்குள் இருக்கிறதோ அவ்வளவு தூரம்தான் கிழங்குக்கு இடம். மண் மூடாமல் வெளியே தெரியும் கிழங்கில் வெயில் பட்டால் பச்சை ஏறும். வெள்ளை ரகத்தில் அந்தப் பச்சை தூரத்திலிருந்தே தெரியும். கருகல் பூசணத்தின் வித்துகள் மழைத்தண்ணீரோடு இறங்கிக் கிழங்கைத் தொடுவதையும் கனமாக அணைத்த மண் தடுக்கும்.

கருகல் என்று சொல்லிவிட்டேன். அதைப் பற்றி நீட்ட விருப்பமில்லை, ஆனால் விடவும் முடியாது. பத்துக்கும் இருபது டிகிரிக்கும் நடுவில் வெப்பம், இரண்டு மூன்று நாள் விடாத தூறல், மூடுபனி. ஊட்டிக்கு வருகிறவர்கள் ஆசைப்படும் அதே வானிலைதான். காலையில் இலை ஓரத்தில் தண்ணீரில் நனைந்தது போல ஒரு கறை, திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூஞ்சை, நாலாம் நாள் தோட்டமே வெந்த கீரை மாதிரி. ஜோதி வந்த புதிதில் கருகலைத் தாங்கும் ரகம் என்றுதான் பெயர் வாங்கியது. செடி மாறாமல் இருக்கிறது, பூசணம் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தாங்கும் சக்தி இப்போது பெரிதாக மிச்சமில்லை. நோய் வந்தபின் மருந்து அடிப்பதைவிட, மழை வருமுன் மேன்கோசெப் என்ற பூசணக்கொல்லியை அடித்துவைப்பதுதான் பலன் தருகிறது. கருகலைத் தாங்கும் கிரிதாரி போன்ற ரகங்கள் வந்திருக்கின்றன, விதைதான் எங்கள் கைக்கு எளிதில் வருவதில்லை.

ஏறக்குறைய 120 நாளில் எடுக்கலாம். அதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தண்டை அறுத்துவிடுவோம். கிழங்கின் தோல் மண்ணுக்குள்ளேயே முற்ற வேண்டும். அம்மா ஒரு செடியைக் கிளறிக் கிழங்கைப் பெருவிரலால் தேய்ப்பாள். தோல் வழண்டு வந்தால், "இன்னும் பச்சப்புள்ள," என்று மண்ணை மூடிவிடுவாள். நல்ல வருடத்தில் ஹெக்டேருக்கு 15லிருந்து 20 டன். என் நிலத்துக்கு அது 8 டன்னுக்கு மேல் வர வேண்டும். இந்தக் கார்போகத்தில் 7 டன் எடுத்தேன். காட்டுப்பன்றி வந்து கிளறிய ஒரு மூலையைக் கழித்துவிட்டால் நல்ல விளைச்சல்தான்.

கிழங்கு 45 கிலோ மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும். அங்கே கோலாரிலிருந்தும் ஆக்ராவிலிருந்தும் வந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்குவார்கள். ஊட்டிக் கிழங்குக்கு எப்போதும் விலை ஒரு படி மேலேதான். வெளியூர்க் கிழங்கில் செம்மண் தடவி ஊட்டிக் கிழங்கு என்று விற்பதும் நடக்கிறது. மண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ருசியின் காரணம் மண்ணின் நிறத்தில் இல்லை. வடக்கே வருடத்துக்கு ஒரு அறுவடை, அதனால் மாதக்கணக்கில் குளிர்கிடங்கில் வைத்தாக வேண்டும். அந்தக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகும். அதனால்தான் சில கிழங்கு பொரியலில் தித்திக்கிறது, வறுத்தால் கறுக்கிறது. எங்களுக்கு மூன்று போகம் இருப்பதால் தோட்டத்திலிருந்து நேரே மண்டி, மண்டியிலிருந்து உங்கள் அடுப்பு. இரண்டு நாள் முன்பு மண்ணில் இருந்த கிழங்கின் ருசி அது. சாம்பலில் சுட்டு, தோலை உரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்த மூன்று போகம்தான் எங்களை மாட்டியும் விட்டது.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். லீவு நாளில் அம்மாவோடு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பூத்து முடிந்த சமயம். ஒரு இடத்தில் மட்டும் செடிகள் குட்டையாக, மத்தியான வெயிலில் தலை தொங்கி நின்றன. ஒன்றைப் பிடுங்கினேன். வேரில் பொன்நிற மணிகள், குண்டூசித் தலையைவிடச் சின்னது, கோத்தது போல வரிசையாக. "அம்மா, வேருல தங்கம்!" என்று ஓடினேன். நிலக்காரர் ஐயா வரப்பில் நின்றிருந்தார். என் கையிலிருந்து செடியை வாங்கிப் பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை மண்ணோடு சேர்த்து ஒரு சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போய் எரித்தார். அன்றைக்குக் கூலி கொடுக்கும்போதுகூட அவர் முகம் சரியில்லை.

அது முட்டைக்கூடு நூற்புழு. தங்க நூற்புழு என்றும் சொல்வார்கள். உருளைக்கிழங்கின் தாயகமான ஆண்டீஸ் மலைதான் அதற்கும் தாயகம். 1961ல் ஊட்டிக்குப் பக்கத்து விஜயநகரம் பண்ணையில் இங்கிலாந்து நூற்புழு ஆய்வாளர் ஜோன்ஸ் அதை முதன்முதலில் கண்டுபிடித்தார். இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை. பெண்புழு வேரில் வாயை வைத்துப் பருத்து, செத்தபின் உடம்பே ஒரு கெட்டியான பழுப்புக் கூடாகிவிடும். ஒரு கூட்டுக்குள் 200லிருந்து 500 முட்டை. கிழங்குச் செடியின் வேரிலிருந்து கசியும் சாறு மண்ணில் பரவும்வரை முட்டைகள் பெரும்பாலும் தூங்கும். இருபது வருடம்கூடத் தூங்கும். வேரின் வாசனை வந்ததும் விழிக்கும். நாங்கள் வருடத்துக்கு மூன்று முறை அதை எழுப்பிச் சோறு போட்டோம்.

1971ல் அரசு ஒரு தடை போட்டது. நீலகிரிக் கிழங்கு சாப்பிடப் போகலாம், விதைக்கு வெளியே போகக்கூடாது. சமவெளிக்குப் புழு பரவாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, சரியான ஏற்பாடுதான். ஆனால் ஒரு காலத்தில் விதை கொடுத்த மலை விதைக்குக் கையேந்தும் மலையாகிவிட்டது. 2018ல் இமாச்சலம், காஷ்மீர், உத்தராகண்ட் மலைகளிலும் இதே புழு இருப்பது தெரிந்து அங்கிருந்தும் விதை வெளியேறத் தடை வந்தது. குஃப்ரியும் அந்த மலையில்தான் இருக்கிறது. ஜோதி பிறந்த வீட்டுக்கும் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கும் ஒரே நோய். அந்தச் செய்தியைப் படித்த அன்று சொந்தக்காரர் வீட்டுத் துக்கம் போல இருந்தது எனக்கு.

இப்போது சுவர்ணாவுக்கு வருகிறேன். முத்தொரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி மையம் 1957லிருந்து இருக்கிறது. அம்மா அந்த வேலியைத் தாண்டித்தான் பல வருடம் வேலைக்கு நடந்து போனாள். இந்த மலைக்கென்றே 1985ல் வெளிவந்த ரகம் குஃப்ரி சுவர்ணா. வெள்ளைத் தோல், வெள்ளைச் சதை, எல்லாம் ஜோதி மாதிரி. வித்தியாசம் வேருக்குள் இருக்கிறது. சுவர்ணாவின் வேரும் சாறு கசியவிடும், முட்டை பொரியும், குஞ்சு வேருக்குள் நுழையும். ஆனால் உள்ளே அதற்குச் சாப்பாடு கிடைக்கும் திசு உருவாகாது. பெண்புழு பருக்க முடியாது, புதுக்கூடு கட்ட முடியாது. அதாவது சுவர்ணா தன்னைக் காப்பாற்றிக்கொள்வதோடு நிற்பதில்லை, தூங்கும் முட்டையை எழுப்பிப் பட்டினி போட்டு மண்ணைச் சுத்தமும் செய்கிறது. வெறுமனே தரிசாகப் போட்டால் இவ்வளவு வேகமாகக் குறையாது.

இத்தனை நல்ல ரகம் இருக்க ஏன் எல்லோரும் ஜோதியையே பிடித்துக்கொண்டிருக்கிறோம்? நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். விதை கிடைப்பதில்லை என்பார்கள், அது உண்மை. புழுவைத் தடுக்கும் வேறு ரகங்களும் அப்புறம் வந்தன, நீலிமா, சஹ்யாத்ரி என்று. அவற்றுக்கும் இதே கதைதான். அடுத்த பதில், "மண்டியில ஜோதின்னாத்தான் எடுப்பாங்க." அம்மாவுக்கு வைத்த சோதனை இந்த இரண்டாவது பதிலுக்காக. நாற்பது வருடக் கையால் இருபதில் பன்னிரண்டுதான் சரியாகச் சொல்ல முடிந்தது என்றால், ஏலத்தில் மூட்டையின் வாயைப் பிரித்து நாலு கிழங்கைப் பார்க்கிறவருக்கு என்ன தெரிந்துவிடும்? சுவர்ணா மூட்டையும் ஜோதி மூட்டையும் இந்த முறை ஒரே விலைக்குத்தான் போயின.

எனக்கு விதை கிடைத்தது இரண்டு வருடம் அலைந்தபின். 200 கிலோ. நிலத்தில் புழு அதிகமிருந்த மேல் மூலையில் மட்டும் நட்டேன். நிலக்காரர் ஐயாவின் மகனிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? குத்தகைதாரி நீ. மண்ணு நல்லானா லாபம் எனக்குத்தானே," என்றார்.

"அண்ணா, எங்கம்மா அம்பது வருஷமா இந்த மண்ணுலதான் நிக்கிறாங்க," என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு குத்தகையை மூன்று வருடத்துக்கு எழுதிக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். அதுவரை வருடா வருடம்தான் பேசிக்கொண்டிருந்தோம். மண்ணைத் தேற்ற ஒரு போகம் போதாது. அவருக்கும் அது தெரியும், அன்று வேரை எரித்தவரின் மகன்.

ஜூலையில், பூ உதிர்ந்தபின், ஜோதி வரிசையில் ஐந்து செடியும் சுவர்ணா வரிசையில் ஐந்து செடியும் மண்ணோடு மெல்லத் தோண்டி, வாளித் தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்த்தேன். ஜோதி வேர்களில் எண்ணிக்கொண்டே வந்து நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். சுவர்ணாவின் ஐந்து செடியிலும் சேர்த்து மூன்று மணி.

சுவர்ணாவையே தொடர்ந்து போட்டாலும் ஆகாது. அதையும் மீறிச் சாப்பிடத் தெரிந்த புழு ஒன்றிரண்டு பெருகிவிடும். அதனால் சுவர்ணா, அப்புறம் கேரட்டோ பூண்டோ பீன்ஸோ, அப்புறம்தான் மறுபடி கிழங்கு. தக்காளி, கத்தரி இரண்டும் கிழங்கின் சொந்தம், புழுவுக்கு அதுவும் சாப்பாடு, அந்தப் பக்கமே போகக்கூடாது. பக்கத்துத் தோட்டத்து மண்வெட்டியையும் கழுவாமல் உள்ளே விடுவதில்லை. பழைய சாக்கு வாங்குவதையும் நிறுத்திவிட்டேன். புழு மண் வழியாகத்தான் வரும்.

அன்று சாயங்காலம் அம்மா சோதனைக் கிழங்கைக் கூடையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மேல் மூலைல அடுத்து என்ன புள்ள?"

"கேரட்டும்மா."

"அதுக்கப்புறம்?"

"பூண்டு."

"சரி. அதுக்கப்புறமாவது ஜோதி வருமா?"

"வரும்மா. புழு குறையட்டும்."

கூடையில் கைவிட்டு, தட்டையாக இருந்ததாகத் தோன்றிய ஐந்தாறு கிழங்கைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் தாழ்வாரத் தட்டியில் ஒரு மூலையில் தனியாகப் பரப்பி வைத்தாள். அதில் இரண்டு சுவர்ணா இருப்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை.